எவர் பக்கம் சாய்கிறது தராசு?

“தூக்கிலே போடு!”

“நடுத்தெருவிலே நிறுத்திச் சுடு!”

“சிறைக்குப் போனவன் சிரித்துக்கொண்டே திரும்பி வருகிறான், செத்தவன் திரும்பி வருகிறானா?”

ஆழ்வார்திருநகரித் தேரடியிலே நின்றாலும் சரி, திருவைகுண்டம் பாலத்தருகே பேருந்துக்காகக் காத்திருந்தாலும் சரி, இந்தக் குரல் காதில் விழாமற் போகாது. கொலை நடந்த மறுநாள் எழும் குரல். கொலையாளி பிணையில் வந்த நாளில் இன்னும் ஓங்கும் குரல். சட்டம் இளகிவிட்டது, நீதிமன்றம் இரங்கிவிட்டது, போலீசார் கைகட்டி நிற்கின்றனர் என்று மக்கள் மனம் குமுறுகின்றனர்.

அந்தக் குமுறலை நாம் எள்ளி நகையாட மாட்டோம். அதற்குக் காரணம் உண்டு; கண்ணீரும் உண்டு. ஆனால், பகுத்தறிவாளர் என்போர் குரலோடு குரல் சேர்த்துக் கூவிவிட்டுக் கலைந்து போகும் கூட்டமல்லர். சட்டம் இளகியிருக்கிறதா? ஆம் எனில், எவருக்கு? இந்த ஒரு கேள்வியைக் கையிலே விளக்காக ஏந்தி வரலாற்றுக்குள் நுழைவோம்.

*

ஆழ்வார்திருநகரி, பொருநை ஆற்றின் தென்கரையிலே உள்ள பழம்பதி. குருகூர் என்பது அதன் பண்டைப் பெயர். நான்காம் வருணத்தவர் என்று வைதிகர் கணக்கிட்ட குலத்திலே பிறந்தவர் நம்மாழ்வார்; அவரைக் குருவாகக் கொண்டவர் அந்தணரான மதுரகவி. இவ்வாறு வைணவ மரபே உரைக்கிறது. பாட்டிலே உயர்வு தாழ்வு இல்லை என்று ஒப்புக்கொண்டார்கள். நன்று! தண்டனையிலே ஒப்புக்கொண்டார்களா?

மனுதர்மத்தின் எட்டாம் அத்தியாயத்தைப் புரட்டிப் பாருங்கள். மற்றவனுக்குத் தலை போகும் குற்றத்துக்கு, பிராமணனுக்குத் தலைமயிர் போனால் போதும் என்கிறது அந்நூல்! எப்பாவம் செய்தாலும் அவனைக் கொல்லலாகாது, பொருளோடு நாட்டைவிட்டு அனுப்பிவிடு என்கிறது. இருபிறப்பாளனை இழித்துப் பேசிய சூத்திரனுக்கோ நாக்கை அறுக்கச் சொல்கிறது. இரக்கமும் கொடுமையும் ஒரே ஏட்டில், ஒரே அத்தியாயத்தில், அடுத்தடுத்து! குற்றத்தை நிறுத்துப் பார்க்கவில்லை. குலத்தை நிறுத்துப் பார்த்தனர்.

ஏட்டோடு நின்றதா? சோழர் குல இளவரசன் ஆதித்த கரிகாலன் பத்தாம் நூற்றாண்டில் கொலையுண்டான். காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கல்வெட்டு, முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. ரவிதாசன், சோமன், பரமேசுவரன் என்று துரோகிகளின் பெயர்களை அது கூறுகிறது. ‘பிரமாதிராசன்’ என்று பட்டம் பெற்ற அதிகாரிகள் அவர்கள். அவர்தம் உறவினர்க்கு உரிய நிலங்கள் பறிக்கப்பட்டதைக் கல்வெட்டு பேசுகிறது. தலை வாங்கப்பட்டதாக ஒரு சொல்லும் அதில் இல்லை. அரசகுமாரனையே கொன்றாருக்கு நிலப்பறிமுதல்! குடியானவன் ஒருவன் கொன்றிருந்தால்?

பொதிகை மலைக்கு அப்பாலுள்ள திருவிதாங்கூரில், பிராமணருக்குத் தூக்கு இல்லை என்ற விதிவிலக்கு ஆங்கிலேயர் கோலோச்சிய நாளிலும் தொடர்ந்தது. மலைக்கு இப்பாலோ 1862 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டம், எக்குலத்தவன் செய்தாலும் கொலை கொலையே என்று எழுதியது. எழுதியவன் அந்நியன், ஆள வந்தவன், அவன் நோக்கம் நம் நலமன்று. எனினும் எழுத்திலே வந்த அந்தச் சமன்மையை நம் சாத்திரங்கள் ஈராயிரம் ஆண்டாகத் தரவில்லை என்பதை மறைப்பானேன்?

ஆகவே, ‘இளகிய தண்டனை’ நேற்று முளைத்த நோய் அன்று. அது இந்நாட்டின் பழைய சொத்து; பங்கு மட்டும் எல்லாருக்கும் கிடைக்கவில்லை.

*

இனிப் போலீசின் பிறப்பைப் பார்ப்போம்.

நெல்லைச் சீமையில் முன்பு ‘காவல்’ என்றொரு முறை இருந்தது. பாளையக்காரரும் அவர்க்குக் கீழ்ப்பட்ட காவற்காரரும் ஊர்களைக் காத்தனர். ஊரார் காவற்கூலி கொடுத்தனர். மாடு களவு போனால் காவற்காரன் மீட்டுத் தர வேண்டும். இல்லையேல் ஈடு தர வேண்டும். களவு போன மாடு எங்கே இருக்கிறது என்று சொல்வதற்குத் ‘துப்புக்கூலி’ என்று ஒரு கட்டணமும் இருந்தது. கூலி கொடாத ஊரில் களவு மிகும்! காப்பவனே கள்வனாகவும் ஆகக்கூடிய முறை. எனினும், களவுக்குக் காவற்காரன் பொறுப்பு என்ற ஒரு விதி அதில் இருந்தது.

1801-இல் பாளையக்காரர் போர் முடிந்தது. கட்டபொம்மனின் கோட்டை மண்மேடாயிற்று. காவல் உரிமையைக் கம்பெனியார் பறித்துக்கொண்டனர். பின்னர், வரி தண்டும் தாசில்தாரே ஊர்க்காவலுக்கும் தலைவரானார். ஒரே கையில் கணக்கேடு, அதே கையில் கசை! வரி கட்ட இயலாதவனும் திருட்டுக் குற்றம் சாட்டப்பட்டவனும் ஒரே திண்ணையில் உதை பட்டனர்.

கொடுமை இங்கிலாந்துப் பாராளுமன்றம் வரை எட்டியது. மூவர் கொண்ட விசாரணைக் குழு சென்னையில் அமைக்கப்பெற்றது. 1855-இல் அறிக்கை தந்தது. விரல்களைக் கட்டைகளுக்கிடையே வைத்து நெரிக்கும் கிட்டி. தலையையும் காலையும் சேர்த்துக் கட்டி வளைத்து வெயிலில் நிறுத்தும் அண்ணாந்தாள். இவை நம் உழவர் அனுபவித்த ‘அரசியல் சேவைகள்’! சித்திரவதை இம்மாகாணத்தில் பரவிக் கிடக்கிறது என்று அக்குழுவே ஒப்புக்கொண்டது. அதன் விளைவுகளுள் ஒன்று 1859-ஆம் ஆண்டின் சென்னைப் போலீஸ் சட்டம். தாசில்தார் கையிலிருந்த காவல் தனித்துறையாகியது.

தனித்துறை ஆயிற்று, ஆனால் எவருக்குப் பொறுப்பான துறை? ஊராருக்கன்று, ஆள்வோருக்கு! அங்கேதான் கோணல் தொடங்கியது. ஆள்வோர் விருப்பம் எதுவோ அதுவே ஒழுங்கு. 1911-இல் குற்றப் பரம்பரைச் சட்டம் இம்மாகாணத்தில் புகுந்தது. குற்றமே செய்யாத மக்கள், பிறந்த குலத்துக்காகக் கைரேகை வைத்தனர். இரவில் வீட்டை விட்டுக் காவல்நிலையத்தில் படுத்தனர். எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-இல் பதினாறு உயிர் பறிபோயிற்று. 1947-இல்தான் அச்சட்டம் சென்னை மாகாணத்திலிருந்து நீங்கியது. மனு, குலம் பார்த்து மன்னித்தான். வெள்ளையன், குலம் பார்த்துத் தண்டித்தான். இரண்டும் ஒரே கோணல் கோலின் இரு முனைகள்!

*

“அப்படியானால் எல்லாருக்கும் ஒரே மாதிரி, மிகக் கடுமையாகத் தண்டித்துவிட்டால் தீர்ந்தது” என்பர் சிலர். அதையும் நெல்லை மண் பார்த்திருக்கிறது.

1908 மார்ச்சில் வ. உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் கைதாயினர். மார்ச் 13-இல் திருநெல்வேலி கொதித்தெழுந்தது, துப்பாக்கிகள் முழங்கின, நால்வர் மாண்டனர். சூலை 7-இல் நீதிபதி பின்ஹே தீர்ப்புரைத்தார். சிதம்பரனாருக்கு இரட்டை ஆயுள், சிவாவுக்குப் பத்தாண்டு. பேசிய பேச்சுக்கு நாற்பதாண்டு நாடுகடத்தல்! இலண்டனில் இருந்த இந்திய மந்திரி மார்லியே திடுக்கிட்டார். இத்தண்டனைகளை ஆதரித்துப் பேச முடியாது என்றும், மிதமிஞ்சிய கடுமை ஒழுங்குக்கு வழியன்று, வெடிகுண்டுக்கே வழி என்றும் வைசிராய் மிண்டோவுக்கு எழுதினார். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. 1912 இறுதியில் சிதம்பரனார் வெளியே வந்தார், செக்கிழுத்த உடலோடு.

அதற்கு முன்பே, 1911 சூன் 17-இல், மணியாச்சி ரயில் நிலையத்தில் ஆட்சியர் ஆஷ் சுடப்பட்டார். சுட்ட வாஞ்சியிடம் கிடைத்த கடிதம் சனாதன தருமத்தைக் காக்கப் புறப்பட்ட கடிதம். அந்தக் கொள்கைக்கும் நமக்கும் உறவில்லை. ஆனால், மார்லி அஞ்சியது மூன்றே ஆண்டில் நடந்தது என்பது வரலாறு.

இங்கிலாந்தின் கதையும் இதுவே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே ஏறத்தாழ இருநூறு குற்றங்களுக்குத் தூக்கு! கடையிலே சிறு பொருள் திருடினாலும் கயிறு. விளைவு? ஓர் ஏழையைத் தூக்குக்கு அனுப்ப மனமின்றி ஜூரிகள் குற்றவாளிகளையே விடுதலை செய்தனர். இத்தாலியப் பேரறிஞர் பெக்காரியா 1764-இலேயே எழுதிவிட்டார்: குற்றத்தைத் தடுப்பது தண்டனையின் கொடுமையன்று, அதன் உறுதி என்று. தப்பவே முடியாது என்ற அச்சம், தப்பலாம் என்ற ஆசையோடு கூடிய தூக்குமேடையைவிட வலியது.

வள்ளுவர் அதிகாரங்களை வைத்த முறையும் எண்ணத் தக்கது. செங்கோன்மை; அடுத்துக் கொடுங்கோன்மை; அடுத்து வெருவந்த செய்யாமை; அதையடுத்துக் கண்ணோட்டம். முறை செய்யச் சொன்னவர், அஞ்சத்தக்க ஆட்சியை விலக்கச் சொன்னார். பிறகே இரக்கத்தைப் பேசினார். நேர்மையற்ற இடத்தில் இரக்கம் வந்தால் அது இரக்கமாகாது, சலுகை!

*

அந்தச் சலுகை விடுதலை பெற்ற நாட்டில், நம் கண்முன் எவ்வாறு நடமாடியது? இரண்டு ஊர்களைச் சொல்வோம். இரண்டும் பொருநைக் கரைக்கு அப்பாற்பட்டவை. ஆனால் தமிழ்நாட்டின் மனச்சான்றில் ஆறாத இரு புண்கள்.

முதலாவது, கீழவெண்மணி. 1968 டிசம்பர் 25. அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டு, செங்கொடி பிடித்த உழவுத் தொழிலாளர் சேரி. ஒரு குடிசைக்குள் அஞ்சி ஒதுங்கிய நாற்பத்து நான்கு பேர், பெண்டிரும் பிள்ளைகளும் முதியோரும், தீயிலே கருகினர். பேரறிஞர் அண்ணா முதலமைச்சராக இருந்த நாள் அது. 1970-இல் நாகை அமர்வு நீதிமன்றம் மிராசுதாரர் சிலரைத் தண்டித்தது. முதன்மையானவருக்குப் பத்தாண்டுச் சிறை. 1973-இல் சென்னை உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. கார் வைத்திருக்கும் பெருநிலக்கிழார்கள் தாமே நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்ற கருத்தும் அத்தீர்ப்பில் இடம்பெற்றது. செல்வமே சான்றாயிற்று! அதே இரவில் மிராசுதாரர் தரப்பில் ஒருவர் கொல்லப்பட்ட வழக்கிலோ, தொழிலாளி ஒருவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அங்கே சட்டம் சற்றும் இளகவில்லை!

கதை முடியவில்லை. 1980-இல் அந்த மிராசுதாரர் வெட்டிக் கொல்லப்பட்டார். கொலையை நாம் போற்றோம். ஆனால் அரிவாளை எடுத்தவனைக் கண்ட நாடு, தராசை வளைத்த கையையும் காண வேண்டாமா?

இரண்டாவது, மதுரை மாவட்டத்து மேலவளவு. ஒடுக்கப்பட்டோருக்கு ஒதுக்கிய ஊராட்சித் தலைவர் நாற்காலியில் துணிந்து அமர்ந்தவர் முருகேசன். 1997 சூன் 30-இல் பட்டப்பகலில், ஓடும் பேருந்தை மறித்து, அவர் உள்ளிட்ட அறுவர் வெட்டிக் கொல்லப்பட்டனர். நீண்ட போராட்டத்திற்குப் பின் பதினேழு பேருக்கு ஆயுள் தண்டனை. உச்சநீதிமன்றம் வரை அது நிலைத்தது. நீதி வென்றது என்று எண்ணினோம். 2008-இல் அண்ணா நூற்றாண்டை ஒட்டி மூவர் விடுதலை! 2019 நவம்பரில், எம்.ஜி.ஆர். நூற்றாண்டின் பேரால் மேலும் பதின்மூவர் விடுதலை!

இதை நாம் சொல்லாமல் யார் சொல்வது? சாதி ஒழிப்பைக் கொள்கையாகக் கொண்ட இயக்கத்தின் தலைவர் பிறந்தநாள், சாதிக் கொலைக்கு மன்னிப்புச் சீட்டாவதா? எதிர்க்கட்சி செய்தால் ஏசவும், நம்மவர் செய்தால் ஏப்பம் விடவும் பகுத்தறிவு நமக்குக் கற்பிக்கவில்லை. தண்டனைக் குறைப்பு வேண்டாம் என்பதன்று நம் வாதம். திருந்திய மனிதனைச் சிறை வாயிலில் வரவேற்பதே நாகரிகம். ஆனால், நாற்பது ஆண்டு முதியவராகச் சிறையில் வாடும் நாதியற்றவனுக்கும், ஊரே திரண்டு மாலையிடக் காத்திருக்கும் செல்வாக்குடையவனுக்கும் ஒரே அளவுகோலா இருக்கிறது? காரணத்தை எழுதி, ஊரறிய வெளியிட்டு, கொலையுண்டவர் குடும்பத்தின் குரலையும் கேட்ட பின்னரல்லவா அந்தக் கதவு திறக்க வேண்டும்?

*

போலீசார் மீதுள்ள அழுத்தம் என்ன என்பதை, இதே தூத்துக்குடி மாவட்டத்துச் சாத்தான்குளம் காட்டியது. 2020 சூன் 19. ஊரடங்கு நேரத்தை மீறிக் கடையைத் திறந்து வைத்தனர் என்று சொல்லித் தந்தையும் மகனும் காவல்நிலையம் கொண்டு செல்லப்பட்டனர். மருத்துவமனை, நீதித்துறை நடுவர், சிறை என்று மூன்று வாயில்களைக் கடந்தனர். மூன்றிலும் ஒரு கை நீண்டு “நில்!” என்று சொல்லவில்லை. மூன்று, நான்கு நாட்களில் இருவரும் பிணமாயினர். கிட்டியும் அண்ணாந்தாளும் ஒழிந்தன என்று ஏட்டிலே எழுதி நூற்று அறுபத்தைந்து ஆண்டு கழித்து!

விசாரிக்கச் சென்ற நடுவருக்கே அங்கிருந்த போலீசார் ஒத்துழைக்கவில்லை. உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அந்தக் காவல்நிலையத்தையே வருவாய்த்துறையின் பொறுப்பில் வைக்க ஆணையிட்டது. வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்குச் சென்றது; ஒன்பது போலீசார் குற்றஞ்சாட்டப்பட்டு மதுரையில் விசாரணை நடந்தது. இதிலே நாம் மறக்கக்கூடாத ஒருவர் உண்டு. அந்நிலையத்தில் பணியாற்றிய ஒரு பெண் தலைமைக் காவலர், தாம் கண்டதை நடுவரிடம் சொன்னார். மேலதிகாரிகள் சுற்றி நிற்க, வேலையும் உயிரும் ஊசலாட, உண்மையைச் சொன்னார். காக்கிச் சட்டைக்குள் கொடுமை இருந்தது, அறமும் இருந்தது. அந்த அறத்துக்கு எந்த அமைப்பு துணை நின்றது? அவரது நெஞ்சுரம் ஒன்றே துணை!

ஒரு காவலரின் வீரத்தை நம்பியே ஒரு நாட்டின் நீதி இருக்கலாகாது. 2006 செப்டம்பர் 22-இல், பிரகாஷ் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் ஏழு கட்டளைகளை இட்டது. நிலைய அதிகாரிக்கு ஈராண்டு பதவி உறுதி; குற்றப் புலனாய்வைச் சட்டம் ஒழுங்கிலிருந்து பிரித்தல்; போலீசார் மீதான புகாரை விசாரிக்கத் தனி ஆணையம்; ஆள்வோரின் தேவையற்ற தலையீட்டைத் தடுக்க ஒரு குழு. நோக்கம் தெளிவு: நேர்மையாகப் புலனாயும் அதிகாரியை நள்ளிரவில் மாற்றல் ஆணை வந்து தூக்கிச் செல்லக்கூடாது. தமிழ்நாடு 2013-இல் ஒரு சட்டம் இயற்றியது. எழுத்து வந்தது, கட்டளைகளின் உயிர் முழுமையாக வந்ததா என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

ஆனால் தோழர்களே, அழுத்தம் அமைச்சர் வீட்டுத் தொலைபேசியிலிருந்து மட்டுமா வருகிறது? “எங்கள் பையனை எப்படிப் பிடிக்கலாம்?” என்று சாலையை மறிக்கும் கூட்டம் எது? கொலை வழக்கிலே சிக்கியவனுக்குக் கொடை விழாப் பதாகையில் படம் போடுவது யார்? கண்ணால் கண்ட சாட்சி கூண்டிலே ஏறி, “இருட்டிலே எனக்குச் சரியாகத் தெரியவில்லை, ஐயா” என்று பிறழும்போது, அவன் கழுத்தை நெரித்த கை எந்தச் சாதிச் சங்கத்தின் கை? சாட்சி பிறழ்கிறான், குற்றவாளி தப்புகிறான், பிறகு அதே ஊர் கூடி, “நீதிமன்றம் இளகிவிட்டது!” என்கிறது.

*

நீதி கிடைக்காதவன் எங்கே செல்கிறான்? நம் வட்டாரத்தில் மூன்று வழி.

ஒருவன் சாமி முன் காசு வெட்டிப் போடுகிறான். “நீயே பார்த்துக்கொள்” என்று கல்லிடம் வழக்கை ஒப்படைக்கிறான். கல் வாய்தா கேட்பதில்லை; தீர்ப்பும் சொல்வதில்லை!

மற்றொருவன் அரிவாளை எடுக்கிறான். 2024 டிசம்பர் 20-இல், திருநெல்வேலி நீதிமன்ற வாயிலிலேயே, வழக்குக்காக வந்த இளைஞன் வெட்டிக் கொல்லப்பட்டான். பழிக்குப் பழி என்றனர். நீதிமன்றத்தின் வாயிற்படியிலே பழி தீர்ப்பது என்றால், உள்ளே இருக்கும் தராசை அவர்கள் எவ்வளவு மதிக்கின்றனர் என்பதற்கு வேறு சான்று எதற்கு?

மூன்றாமவன், போலீசார் சுட்டுக் கொன்றால் கை தட்டுகிறான். 2019 டிசம்பரில் ஐதராபாத்தில், ஒரு பெண்ணைக் கொடூரமாகக் கொன்ற வழக்கில் பிடிபட்ட நால்வர் சுடப்பட்டனர். போலீசார் மீது மலர் தூவினர் மக்கள். உச்சநீதிமன்றம் அமைத்த சிர்புர்க்கர் ஆணையமோ, போலீசார் கூறிய கதை நம்பத்தக்கதன்று என்றும், வேண்டுமென்றே சுட்டனர் என்றும் 2022-இல் அறிவித்தது. விசாரணையின்றிச் சுடும் துப்பாக்கி இன்று குற்றவாளியைச் சுடும். நாளை சாத்தான்குளத்துக் கடைக்காரரைத் தேடி வரும். அந்தத் துப்பாக்கிக்குப் பூமாலை சூட்டுவது பகுத்தறிவன்று.

பள்ளியிலே பாடம் நடத்தும் நமக்கு நெஞ்சை வாட்டும் செய்தி ஒன்றுண்டு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனை அவனோடு படித்த மாணவரே வீடு புகுந்து வெட்டினர். 2025 மார்ச்சில், ஆழ்வார்திருநகரிக்கு அண்மையில், திருவைகுண்டம் வட்டாரத்தில், தேர்வெழுதப் பேருந்தில் சென்ற பதினோராம் வகுப்பு மாணவனின் கைவிரல்கள் வெட்டப்பட்டன. எழுதுகோல் பிடிக்கும் விரல்கள்! நாங்குநேரி நிகழ்ச்சிக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிநாயகம் சந்துரு குழு, 2024 சூனில் தந்த அறிக்கையில், மணிக்கட்டில் கட்டும் சாதிக் கயிற்றை விலக்கச் சொன்னது. பள்ளிப் பெயர்களிலுள்ள சாதியை நீக்கச் சொன்னது. அரிவாள் எடுத்த சிறுவனுக்கு எத்தனை ஆண்டு கொடுப்பது என்று ஊர் விவாதிக்கிறது. அந்தக் கயிற்றை அவன் கையில் கட்டியவனுக்கு எத்தனை ஆண்டு என்று எவரும் கேட்கவில்லை!

*

ஆதலின் நாம் கேட்பது கொடிய தண்டனையை அன்று, கோணாத தண்டனையை. பிடிபடுவது உறுதி, வழக்கு விரைவு, சாட்சிக்குப் பாதுகாப்பு, தீர்ப்பு எல்லார்க்கும் ஒன்று. இந்த நான்கும் இருந்தால் ஏழாண்டுச் சிறையும் குற்றவாளியை நடுங்க வைக்கும். இவை இல்லையேல் தூக்குமேடையும் ஏழைக்கு மட்டுமே காத்திருக்கும் மரமாகும்.

சாட்சிகளைக் காக்கும் திட்டத்தை 2018-இல் உச்சநீதிமன்றம் ஏற்று, நாடெங்கும் நடைமுறைக்குரியதாக்கியது. அது நம் ஊர்த் தெரு வரை வந்ததா என்று மாவட்ட நிர்வாகத்தைக் கேட்போம். தண்டனைக் குறைப்பு ஆணைகளின் காரணத்தை வெளியிடக் கோருவோம். காவல்நிலையத்தில் ஒருவன் அடிபட்டால், அவன் நம் குலமா என்று பாராமல் குரல் எழுப்புவோம். நேர்மையான காவலர் ஒருவர் மாற்றப்பட்டால், அவர் எக்குலம் என்று பாராமல் அவர்க்காகவும் குரல் எழுப்புவோம்.

இளைஞர்களே, உங்களுக்கு இன்னும் ஒரு பணி உண்டு; அது எல்லாவற்றிலும் கடினமானது. கண்டதைக் கண்டபடி கூண்டிலேறிச் சொல்லுங்கள். எதிரே நிற்பவன் மாமன் மகனாயினும், மன்றத்துத் தோழனாயினும் சொல்லுங்கள். சாத்தான்குளத்துத் தலைமைக் காவலர் தனியாக நின்று செய்ததை, நாம் நூறு பேராகச் சேர்ந்து நின்று செய்ய முடியாதா? தராசின் தட்டை அழுத்திக்கொண்டிருக்கும் கைகளுள் ஒன்று ஊரின் கை. முதலில் அதை எடுப்போம். பிறகு ஆள்வோரின் கையை எடுக்கச் சொல்லும் உரிமை நமக்குத் தானே வரும்.